ஒரு பந்தயத்தின் பேரேடு

கணக்கு என்னும் சொல் கிழக்கேகோட்டைக்குப் புதியதன்று. பத்மநாப சுவாமி கோயிலின் நிலபுலன்களையும் வரவு செலவுகளையும் தாங்கிய மதிலக ஓலைகள் இன்றும் கோட்டைப் பகுதியிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் சுருணை சுருணையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் தமிழிலும் எழுதிய கணக்கர்களின் பெயர்கள் பலவும் மறைந்து போயின. அவர்கள் கூட்டிய தொகைகள் மறையவில்லை. 2022 டிசம்பரில் அங்கேயே ஓலைச்சுவடிகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கோட்டை வாயிலுக்கு வெளியே தொடங்கும் சாலைக் கடைத்தெருவோ, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்தது. அங்கே வந்து கடை வைத்த தமிழ் வணிகர்களின் வீடுகளில் நாள்வழியும் பேரேடும் ஐந்தொகையும் பிள்ளைகள் காதில் தாலாட்டோடு விழுந்த சொற்கள் என்று சொன்னால் அதிகம் மிகைப்படுத்தியதாகாது.

இன்று நான் எடுத்துக்கொண்ட கணக்கு ஓலைக்கட்டும் அன்று, கடைப் பேரேடும் அன்று. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் கால் பக்கம் கூட இடம் பிடிக்காத ஒரு பட்டியல் அது. 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட் பந்தயத்தின் ஸ்கோர்ப் பட்டியல். திருவனந்தபுரம் வானொலி நிலையம் 1943-இல் திருவிதாங்கூர் அரசால் தொடங்கப் பெற்று, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியின் பொறுப்பில் வந்திருந்த காலம் அது. தொலைக்காட்சி என்பதை ஊரார் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். சேப்பாக்கத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் அப்பால் வாழ்ந்த தமிழருக்கு அந்தப் பந்தயத்தைப் பார்க்கக் கிடைத்த இருக்கை பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். அதை எப்படிப் படிப்பது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே என் பேச்சு.

முதலில் பந்தயத்தின் நிலையைச் சொல்லிவிட வேண்டும். 1932 ஜூனில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 24 பந்தயங்கள். அவற்றுள் ஒன்றிலேனும் வெற்றியில்லை. நாடு விடுதலை பெற்றது, குடியரசும் ஆயிற்று, கிரிக்கெட்டில் மட்டும் வெற்றி என்னும் பத்தியில் சுழியம் அப்படியே நின்றது. 1951-52 பருவத்தில் இங்கிலாந்து அணி ஐந்து டெஸ்டுகள் ஆட வந்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றிலும் முடிவில்லை. கான்பூரில் இங்கிலாந்து எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மிஞ்சியது சென்னை ஒன்றே. அது இந்தியாவின் 25-ஆவது டெஸ்ட்.

பிப்ரவரி 6-ஆம் தேதி ஆட்டம் தொடங்கியது. அன்றே லண்டனிலிருந்து ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வந்தது. இடையில் விடுவதற்கென்று வைத்திருந்த ஓய்வு நாள் மறுநாளைக்கே முன்தள்ளப்பட்டது. 8-ஆம் தேதி ஆட்டம் மறுபடியும் நடந்தது. பட்டியலில் இதற்கு ஓர் எழுத்தும் இல்லை. ஒரு மன்னர் இறந்த செய்தி அதில் ஏறுவதற்குப் பத்தியே கிடையாது. யார் ஆட்டமிழந்தார், எப்படி, யாரால், எத்தனை ரன்னுக்கு என்ற நான்கு கேள்விகளுக்கு மட்டுமே அது விடை கூறும். அந்தக் குறுகிய பார்வையே அதன் பலம் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸைப் பார்ப்போம். லௌஸன் 1, ஸ்பூனர் 66, கிரேவ்னி 39, ராபர்ட்ஸன் 77, வாட்கின்ஸ் 9, பூல் 15, தலைவர் டொனால்ட் கார் 40, ஹில்ட்டன் 0, ஸ்டேதம் 6, ரிட்ஜ்வே 0, ஆட்டமிழக்காமல் டாட்டர்ஸால் 2. கூட்டிப் பாருங்கள்: 255. மட்டையில் படாமலும் வேறு வகையிலும் வந்த உதிரி ரன்கள் 11. ஆக 266.

இப்போது பட்டியலின் அடிப்பகுதிக்கு வாருங்கள். அங்கே பந்து வீசியவர்களின் வரிசை. பத்கர் கொடுத்தது 49, திவேச்சா 27, அமர்நாத் 56, குலாம் அகமது 53, மன்கட் 55, ஹஸாரே 15. இதையும் கூட்டினால் 255! மேலே மட்டை பிடித்தவர்களின் வரவில் ஏறிய ஒவ்வொரு ரன்னும் கீழே ஒரு பந்து வீச்சாளரின் பற்றில் விழுந்திருக்கிறது. சாலைக் கடைக் கணக்கப்பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? ஐந்தொகை இசைவது என்பது இதுதான். ஒரு பக்கம் ஒரு ரன் கூடினாலும் மறுபக்கம் காட்டிக் கொடுத்துவிடும். வைடும் நோ-பாலும் அக்காலத்தில் பந்து வீசியவர் பெயரில் ஏறுவதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்; அந்த வழக்கம் 1980-களில்தான் மாறியது. ஆகவே பழைய பட்டியல்களில் உதிரியை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் இரு பக்கமும் நேராக நிற்கும். இந்தியாவின் இன்னிங்ஸிலும் அப்படியே: மட்டை வரவு 447, இங்கிலாந்துப் பந்து வீச்சாளர் எழுவரின் பற்று 447, உதிரி 10.

வாய்க்கு வாய் மாறுகிற விளையாட்டுக் கதைகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. கதையைக் கேட்பவன் நம்ப வேண்டும். பட்டியலைப் படிப்பவன் சரிபார்க்கலாம்.

இனி, பெயருக்கு நேரே இருக்கும் சிறு எழுத்துகளைக் கவனிப்போம். முதல் இன்னிங்ஸில் வினு மன்கட் வீசியது 38 ஓவரும் 5 பந்தும். அதில் 15 ஓவர்கள் ரன்னே கொடாதவை. 55 ரன்னுக்கு 8 விக்கெட். அன்று ஏடுகள் கொட்டை எழுத்தில் போடத்தக்க வரி இது. ஆனால் ஒவ்வொரு விக்கெட்டாக எடுத்து நோக்குங்கள். கிரேவ்னி, கார், ஹில்ட்டன், ஸ்டேதம் ஆகிய நால்வருக்கும் நேரே எழுதியிருப்பது: ஸ்டம்ப்டு சென், பந்து வீச்சு மன்கட். இரண்டாவது இன்னிங்ஸில் மறுபடியும் ஹில்ட்டன். மறுபடியும் அதே இருவர். பந்து ஆசை காட்டி முன்னே இழுக்கிறது. ஆட்டக்காரர் கோட்டைவிட்டு ஓரடி வெளியே வருகிறார். பின்னால் குனிந்து நிற்பவர் பந்தைப் பற்றிக் குச்சியைத் தட்டிவிடுகிறார். கண் இமைக்கும் நேர வேலை. ஹில்ட்டன் ஒரே பந்தயத்தில் ஒரே வலையில் இருமுறை விழுந்தார் என்பதைச் சொல்ல எந்த நிருபரும் தேவையில்லை, பட்டியலே சொல்லிவிடுகிறது.

அந்தச் சென் யார்? வங்காளத்தைச் சேர்ந்த பிரபீர் சென்; நண்பர்கள் கோகன் என்பார்கள். அவர் ஆடியவை மொத்தம் 14 டெஸ்டுகளே. இந்தப் பந்தயத்தில் மட்டை பிடித்து அவர் எடுத்தது 2 ரன். மட்டைப் பத்தியை மட்டும் படிக்கும் அவசரக்காரர் அந்த இரண்டைக் கண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மன்கட் இந்தப் பந்தயத்தில் வீழ்த்திய 12 பேரில் ஐவர் சென்னின் கைப்பட்டவர்கள். இருவரைக் கோபிநாத் பிடித்தார், இருவரை மன்கட்டே பிடித்தார், இருவருக்குக் குச்சி சாய்ந்தது, ஒருவர் காலில் பந்து பட்டு வெளியேறினார். கூலி முழுவதும் ஒருவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. உடன் உழைத்தவரின் பங்கு ஓர் அடைமொழிபோல் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கிறது. ஆனாலும் கிடக்கிறது என்பதே பெரிது. எழுபது ஆண்டுக்குப் பின்னும் தேடுபவனுக்கு அது அகப்படுகிறது அல்லவா? இதே சேப்பாக்கத்தில் 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தபோதும் கதை இதுவே. அதிலே கிரண் மோரே ஸ்டம்ப் செய்தவர்கள் அறுவர்.

பட்டியல் சொல்லாமல் விடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு இந்தியாவின் இன்னிங்ஸில் இருக்கிறது. பங்கஜ் ராய் 111, பத்கர் 61, சென்னைப் பிள்ளை கோபிநாத் 35. ஏழாவதாக வந்த பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காமல் 130. ஒன்பது விக்கெட்டுக்கு 457 என்ற நிலையில் ஹஸாரே இன்னிங்ஸை முடித்துக்கொண்டார். இந்த 130-ஐ எடுத்த உம்ரிகர், ஹேமு அதிகாரிக்குக் காயம் ஏற்பட்டதனால்தான் கடைசி வேளையில் சேர்க்கப்பட்டவர். அதிகாரியின் மணிக்கட்டு நலமாயிருந்திருந்தால் அந்த வரியே இல்லை. பட்டியலோ இதைப்பற்றி வாய் திறவாது. வந்தவரை எழுதும், வராதவரை எழுதாது. முஷ்டாக் அலி எடுத்த 22 ரன்னுக்கு நேரே, இது அவருடைய கடைசி டெஸ்ட் என்ற குறிப்பும் கிடையாது. 1934-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஒரு புகழ்வாழ்வு அந்த இரண்டு இலக்கத்தோடு முடிந்தது.

வராதவர் என்றதும், நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. இங்கிலாந்தின் பதினொரு பெயர்களிலும் ஹட்டன் இல்லை, காம்ப்டன் இல்லை, பெட்ஸர் இல்லை. அவர்கள் இந்தியப் பயணத்துக்கே வரவில்லை. பயண அணியின் தலைவர் நைஜல் ஹோவர்டும் உடல்நலம் குன்றியதால் சென்னையில் கார் தலைமை தாங்கினார். நம் முதல் வெற்றி இங்கிலாந்தின் முழு வலிமைக்கு எதிரே கிடைத்ததன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். அதே ஆண்டு ஜூனில் லீட்ஸ் மைதானத்தில் பெட்ஸரும் ட்ரூமனும் வீச, இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா ஒரு ரன்னும் எடுக்கு முன் நான்கு விக்கெட்டுகளை இழந்தது. அந்தச் சுழியமும் பட்டியலில் அழியாமல்தான் இருக்கிறது. பற்றை மறைத்து வரவை மட்டும் காட்டுபவன் நல்ல கணக்கனல்லன்.

ஆயினும் சென்னை வெற்றி இலவசமாக வந்ததுமன்று. 191 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கிய இங்கிலாந்து 183-க்கு வீழ்ந்தது. ராபர்ட்ஸன் 56, வாட்கின்ஸ் 48. மற்றவர்களில் கிரேவ்னியின் 25-ஏ பெரிது. குலாம் அகமது 77-க்கு 4, மன்கட் 53-க்கு 4. ஓர் இன்னிங்ஸும் எட்டு ரன்னும் வித்தியாசம். அதுவும் 10-ஆம் தேதியே, ஒரு நாள் மிஞ்சியிருக்கையில்.

இங்கே சிறிது வகுத்தல் பெருக்கல் செய்து பார்ப்பது பயன்தரும். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து இந்தியா வீசிய பந்துகள் 1,186. அவற்றுள் மன்கட் வீசியவை 418, நூற்றுக்கு 35. அவர் கொடுத்த ரன் 108; பந்து வீச்சாளர் எல்லாரும் கொடுத்த 429-இல் நூற்றுக்கு 25. அவர் எடுத்த விக்கெட் 20-இல் 12, நூற்றுக்கு 60. உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு, செலவில் நான்கில் ஒரு பங்கு, வரவில் பாதிக்கு மேல். எந்தக் கடை முதலாளியும் இப்படியொரு பங்காளியைக் கனவில்தான் காண முடியும். இந்த விகிதங்கள் எவையும் அன்றைய பத்திரிகையில் அச்சாகியிருக்க வேண்டியதில்லை. அச்சான எண்களுக்குள் அவை ஒளிந்திருக்கின்றன. தாளும் எழுதுகோலும் உள்ளவன் எவனும் தன் திண்ணையில் அமர்ந்து வெளியே எடுக்கலாம்.

அச்சுக்கு வருமுன் இக்கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொல்கிறேன். மைதானத்தில் இரு அணிக்கும் ஒவ்வொருவராக இரண்டு ஸ்கோரர்கள் அமர்கிறார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொரு குறி. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவர் முழுவதும் ரன் இல்லையென்றால், மூன்று மூன்றாக இரு வரிசையில் நிற்கும் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில ‘எம்’ எழுத்தாக்கிவிடுவது ஸ்கோரர்களின் பழக்கம். மெய்டன் என்பதன் முதலெழுத்து. அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதையே தலைகீழாக்கி ‘டபிள்யூ’. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுவது போலத்தான். மன்கட் பெயருக்கு நேரே சேப்பாக்கத்தில் இரண்டு இன்னிங்ஸிலுமாக 24 மெய்டன் ஓவர்கள். ஓவர் முடியுந்தோறும் இரு ஸ்கோரர்களும் ஒருவரோடொருவர் ஒத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். எதிரெதிர் அணிக்காரர் இருவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே உண்மையை எழுதுகிறார்கள் என்பது சிறிய செய்தியா?

இந்த முறை கடல் கடந்தும் போயிற்று. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்துக்குப் பாக்ஸ் ஸ்கோர் என்ற பட்டியலை உருவாக்கித் தந்தவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் பக்கம் குடியேறி, அங்கே கிரிக்கெட் செய்தி எழுதியவர். குடிபெயர்ந்தவன் தன் ஊர்க் கணக்கு முறையைக் கையோடு கொண்டு போனான். புது நாட்டின் ஆட்டத்துக்கு அதை வெட்டித் தைத்துக் கொடுத்தான். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதில் வியப்பிராது. ஆனால் சாட்விக்கின் பட்டியலில் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு பத்தி உண்டு: பிழை. பந்தைப் பிடிக்கத் தவறியவனின் குற்றமும் அங்கே எண்ணாகப் பதிவாகிறது. 1956 அக்டோபர் 8-ஆம் தேதி, உலகத் தொடர் என்று அமெரிக்கர் அழைக்கும் இறுதிப் பந்தயத் தொடரில், நியூயார்க் யாங்கீஸ் அணியின் டான் லார்ஸன் 97 பந்துகள் வீசினார். எதிரே வந்த புரூக்லின் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் 27 பேரும் முதல் தளத்தைக்கூட எட்டாமல் திரும்பினர். மறுநாள் பட்டியலில் புரூக்லினுக்கு நேரே ரன் 0, அடி 0, பிழை 0. யாங்கீஸுக்கு 2, 5, 0. இத்தனை சுழியங்களில் ஒரு சரித்திரத்தையே அடைத்துவிட்டார்கள். நம் கிரிக்கெட் பட்டியலோ தவறவிட்ட காட்சைப் பற்றி மூச்சு விடாது. சேப்பாக்கத்தில் யார் கையிலிருந்து எந்தப் பந்து நழுவிற்று என்பதை அந்தத் தாளிலிருந்து நாம் அறிய வழியில்லை. இது இரக்கமா, குறையா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இரக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரக்கமே இல்லாத இடம் ஒன்றும் ஆங்கிலேயரின் பட்டியலில் இருந்தது. ஊதியம் வாங்காமல் ஆடுபவர் கனவான். ஊதியம் வாங்கி ஆடுபவர் தொழில் ஆட்டக்காரர். முன்னவரின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். பின்னவரின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னால் போகும். 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் பிரெட் டிட்மஸ் என்னும் இளைஞர் மட்டை பிடிக்க வந்தபோது, அச்சிட்ட அட்டையில் அவருடைய முதலெழுத்துகள் பெயருக்கு முன்னே இருப்பது தவறு, பின்னே இருப்பதாகக் கொள்க என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்களாம்! ரன்னில் பிழையில்லை, பெயரில் பிழையில்லை. பெயரைச் சுற்றி நிற்கும் இரண்டெழுத்தின் இடத்தில்தான் பிழை. இந்த வேற்றுமை 1962-இல் ஒழிக்கப்பட்டது.

எந்தப் பத்தியில் நம் பெயரை எழுதுகிறார்கள் என்பது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. 1952 பிப்ரவரியில் நாகர்கோவிலிலிருந்து வந்து கிழக்கேகோட்டையில் குடியிருந்த ஒருவர் தம் சொந்த மாநிலத்தில்தான் இருந்தார். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்ளே இடம் மாறியவர், அவ்வளவே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; கிழக்கேகோட்டை கேரளத்தில் நின்றது. அதே வீட்டில், அதே திண்ணையில் இருந்தபடியே அவர் வெளி மாநிலத்தவரானார். திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில் ரஞ்சிப் பந்தயத்தில் ஆடிய அணியும் பின்னர் கேரளம் என்ற பெயரில் பட்டியலில் ஏறியது. ஆடிய கைகள் மாறவில்லை, தலைப்பு மாறிற்று.

மன்கட்டுக்கு வருவோம். சென்னை வெற்றிக்குச் சில மாதங்களில் இந்திய அணி இங்கிலாந்து புறப்பட்டது. அணியில் இடம் உறுதியா என்று அவர் கேட்டார். தேர்வாளர்கள் உறுதி தரவில்லை. லங்காஷயர் லீகில் ஹாஸ்லிங்டன் சங்கத்துக்குத் தொழில் ஆட்டக்காரராக அவர் போய்விட்டார். முதல் டெஸ்டில் இந்தியா தோற்றபின், சங்கத்தாரிடம் அவரைக் கேட்டுப் பெற்று லார்ட்ஸ் டெஸ்டில் ஆட வைத்தார்கள். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 72, பிறகு 184. பந்து வீச்சில் 73 ஓவர், 196 ரன், 5 விக்கெட். இந்தியா தோற்றது, ஆனால் அந்தப் பந்தயத்தை ஆங்கிலேயரே மன்கட்டின் பந்தயம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். 1956 ஜனவரியில் மறுபடியும் சென்னை; இம்முறை கார்ப்பரேஷன் மைதானம், எதிரே நியூஸிலாந்து. மன்கட் 231. 1952-இல் சதமடித்த அதே பங்கஜ் ராயும் அவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், 2008 வரை ஐம்பத்திரண்டு ஆண்டு உலகச் சாதனையாக நின்றது. 44 டெஸ்டுகளில் 2,109 ரன், 162 விக்கெட் என்பது அவருடைய மொத்த ஐந்தொகை.

இவ்வளவு எழுதி வைத்திருந்தும், உலகம் அவர் பெயரை வேறொரு காரியத்துக்கு வினைச்சொல்லாக்கிற்று. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பில் பிரௌன், பந்து வீசப்படுமுன்பே மறுமுனைக் கோட்டைவிட்டு நகர்ந்தார். மன்கட் வீசாமல் நின்று குச்சியைத் தட்டினார். அந்தப் பயணத்தில் முன்னர் ஆடிய வேறொரு பந்தயத்தில் அவர் பிரௌனை முதலில் எச்சரித்து, பின்னும் நகரக் கண்டு, இவ்வாறே வெளியேற்றியிருந்தார். பத்திரிகைகள் பொங்கின. எதிரணித் தலைவர் டான் பிராட்மன் தம் சுயசரிதையில் மன்கட்டின் பக்கமே பேசினார். ஆனாலும் வாய்ப்பேச்சு நிற்கவில்லை. கோட்டைவிட்டு நகர்பவனை அப்படி வெளியேற்றுவதற்கு மன்கட்டின் பெயரையே இட்டு, ஏதோ கள்ளத்தனம்போல் இருபத்தோராம் நூற்றாண்டு வரை வழங்கினார்கள். அவர் குடும்பத்தாருக்கும் நம் பழைய ஆட்டக்காரர்களுக்கும் அது நெஞ்சில் முள்ளாயிருந்தது. சுனில் கவாஸ்கர் அச்சொல்லைக் கண்டித்துப் பலமுறை பேசியிருக்கிறார்.

சிட்னிப் பந்தயத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பிரௌன், ரன் அவுட், மன்கட், 18. இவ்வளவுதான். வேறு எந்த ரன் அவுட்டுக்கும் எழுதுவது போலவே எழுதியிருக்கிறார்கள். எந்த அடைமொழியும் இல்லை. எந்தப் பழியும் இல்லை. பேனா பிடித்த ஸ்கோரர்களுக்கு நடந்தது தெரியும், எழுந்த கூச்சல் காதில் விழுந்துமிருக்கும். அவர்கள் விதியைப் பார்த்து எழுதினார்கள். 2021-இல் சர்வதேச கிரிக்கெட் கழகம் மன்கட்டின் பெயரைப் புகழவையில் சேர்த்தது. அவர் 1978-இலேயே மறைந்துவிட்டார். 2022 அக்டோபரில் விதிநூலும் திருத்தப்பட்டது. அவ்வகை வெளியேற்றம் நேர்மையற்ற ஆட்டம் என்ற தலைப்பின் கீழிருந்து எடுக்கப்பட்டு, ரன் அவுட் என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டது. சிட்னி ஸ்கோரர்கள் 1947-லேயே எழுதி வைத்த பத்தி அது.

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் காரியவட்டம் மைதானம் எட்டும் தூரந்தான். 2023 ஜனவரி 15-ஆம் தேதி அங்கே இந்தியா ஐம்பது ஓவரில் 390, இலங்கை 73. 317 ரன் வித்தியாசம், ஒருநாள் பந்தயங்களில் அதுவரை கண்டிராதது. கோலி 166, கில் 116, சிராஜ் நான்கு விக்கெட் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இலங்கையின் பட்டியலில் அஷேன் பண்டார என்ற பெயருக்கு நேரே எண் ஒன்றும் இல்லாமல், காயத்தால் ஆடவில்லை என்று மட்டும் இருக்கும். எல்லையோரத்தில் பந்தைத் தடுக்க ஓடித் தம் தோழரோடு மோதிக்கொண்டவர் அவர். விழுந்தவை ஒன்பது விக்கெட்டே. பத்தாவது அவருடைய இடம். அடுத்த முறை அந்தப் பட்டியல் கையில் கிடைத்தால் அந்த வரியிலும் ஒரு கணம் கண்ணை நிறுத்திப் பாருங்கள்.